ராணி சாப்பிட்டாளா

செஞ்சிக் கடைவீதியில் மெத்தைக் கடை வைத்திருந்த அமீர் ஜான், தன் நாவல் திரும்பி வந்தால் படுத்துவிடுவார். இரண்டாவது பதிப்பகமும் வேண்டாமென்று சொன்ன அன்று, விற்பனைக்கு வைத்திருந்த புது இலவம்பஞ்சு மெத்தையில் குப்புறக் கிடந்தார். சாப்பாடு கொண்டுபோன ஹபீபா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"கவலப்படறதுன்னா பழைய மெத்தையில படுத்துக் கவலப்படுங்க. இத இனிமே யாரு வாங்குவா?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்தால் எழுந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

எதிரிப்படை சூழ்ந்த கோட்டையை ஒரு ராணி தனியாக நின்று காப்பாற்றுவதுதான் கதை. எல்லாம் அவர் கற்பனை. கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்ததால் கையால் எழுதுவதை விட்டு, போனில் பேசுவார், அது எழுத்தாக்கிக்கொள்ளும். கடையில் பஞ்சு அடிக்கிற மிஷின் ஓடினால் ராணி வாய் திறக்க முடியாது. அதனால் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல, மத்தியானங்களில் வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்தார்.

"கோட்டைவாசலில் நின்ற ராணி, தொலைவில் எழுந்த புழுதியைக் கண்டாள்" என்று போனிடம் சொல்வார்.

"இன்னும் அங்கியேதான் நிக்கிறாளா? சாப்டாளா இல்லியா?" என்பாள் ஹபீபா, வெங்காயம் நறுக்கியபடி.

"எதிரிகள் நெருங்கிவிட்டனர்."

"எதிரி வர்றது இருக்கட்டும். ஜன்னல சாத்துங்க, குரங்கு வந்துடப்போவுது."

கோட்டைமலைக் குரங்குகளுக்கு அந்த அடுப்படி நல்ல பழக்கம். அவர் எழுந்துபோய்ச் சாத்துவார். போன் அது பாட்டுக்கு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தது. திரும்பப் படித்துப் பார்க்கக் கண் இடம் கொடுக்கவில்லை. அப்படியே சென்னையில் இன்னொரு பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்.

ஒரு நாள் அங்கிருந்து பதிப்பாசிரியர் ஜெயஸ்ரீ கூப்பிட்டாள். அமீர் ஜான் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், உங்க ராணி வாயத் திறந்தா மேடைப் பேச்சுதான். தாங்க முடியல."

அவர் கண் மெத்தையைத் தேடியது.

"ஆனா அந்தச் சமையல்காரி இருக்காங்களே, யார் சார் அவங்க?"

"எந்தச் சமையல்காரி மேடம்?"

ஜெயஸ்ரீ குரங்கு வசனத்தைப் படித்துக் காட்டினாள். படிக்கும்போதே சிரித்தாள். "வாசல்ல படை நிக்குது, இவங்க ஜன்னலப் பத்திப் பேசறாங்க. கதை முழுக்க இவங்க வரணும் சார். அப்படி மாத்திக் கொடுங்க, நாங்க போடுறோம்."

போனை வைத்ததும் ஹபீபா கரண்டியோடு திரும்பினாள். "ஏங்க, உங்க ராணிக்கு நான் சமையல்காரியா?"

"புக்கு வரணுமா வேணாமா? நீதான் பேசணும் ஹபீபா."

அவளுக்கும் வரவேண்டும்தான். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போன் முன்னால் உட்கார்ந்தாள். தொண்டையைக் கனைத்தாள்.

"அரசியாரே, உணவு தயாராக உள்ளது."

"இன்னா இது, ஸ்டேஷன்ல ரயில் வர்றத சொல்ற மாதிரி இருக்குது" என்றார் அமீர் ஜான்.

மறுநாளும் அப்படித்தான். போனைக் கண்டாலே அவள் பேச்சு பள்ளிக்கூடப் பாடமாகிவிடும். ராணி வாசலிலேயே நின்றாள். அமீர் ஜான் பழைய மெத்தையில் படுக்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் என்னென்னவோ நடந்தது. மடித்து வைத்த துணிமேல் ஈரத்துண்டு கிடந்தது. உப்பு சரியாக இருந்த குழம்பை உப்பில்லை என்றார். கொத்தமல்லி கேட்டால் புதினா வந்தது. ஹபீபா வாய் ஓயாமல் திட்டினாள். திட்டு வாங்குகிற மனுஷன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அங்கேதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. அவர் பார்வை போய்ப்போய் வந்த அரிசி டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டாள். போன் இருந்தது. அவள் திட்டியதெல்லாம் வரிவரியாக அதில் ஓடிக்கொண்டிருந்தது.

அமீர் ஜான் கதவோரம் நின்றார். நாவல் இத்தோடு போயிற்று என்பது போல் முகம் தொங்கிவிட்டது.

ஹபீபா கொஞ்ச நேரம் படித்தாள். பிறகு போனை அடுப்பு மேடையில் தன் பக்கமாகச் சாய்த்து வைத்தாள்.

"அங்க வெச்சா மிக்சி சத்தத்துல பாதி கேக்காது. உக்காருங்க. உங்களயே ராணின்னு வெச்சிக்கிறேன்."

"வெச்சிக்கிட்டு?"

"வெச்சிக்கிட்டு இன்னா? மொதல்ல கைய கழுவுடி. சாப்டு. சண்டைக்கு அப்புறம் போவலாம்."

புத்தகம் வந்தது. முதல் பிரதியைக் கையில் வாங்கிய அன்று அமீர் ஜான் கடையிலிருந்த புது மெத்தையில் மல்லாந்து படுத்து, அதைத் தடவிக்கொண்டே இருந்தார். ஹபீபா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு அந்த மெத்தை ஓரத்திலேயே உட்கார்ந்தாள்.

அவர் போய் இரண்டு வருடமாகிறது. மத்தியானத்தில் சோற்றைப் போட்டுக்கொண்டு ஹபீபா அந்தப் புத்தகத்தைப் பிரிப்பாள். சமையல்காரி ராணியைத் திட்டுகிற ஒவ்வொரு இடத்துக்கும் அவர் செய்த சேட்டை அவளுக்குத் தெரியும். இது ஈரத்துண்டு, இது உப்பு, இது புதினா. புதினா வரும்போது சிரிப்பு வந்துவிடும். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, சாப்பிட உட்காருவாள்.