கல்பனா கடை பிரிட்ஜ்

ஜெகந்நாதன் சாருக்கு அமெரிக்காமேல் கோபம். நம் சரக்குக்கு அவன் வரியை ஏற்றிவிட்டானாம். ரிட்டயரான ஹெட்மாஸ்டர் கோபத்தை எங்கே போய்க் காட்டுவார்? காவாந்தண்டலத்தில் கல்பனாவின் பெட்டிக்கடை இருக்கிறதே, அங்கேதான்.

பத்து ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். ஆளுக்கொரு போன், எல்லாவற்றிலும் வீடியோ. "அந்த அமெரிக்கக் கலர் பாட்டிலையெல்லாம் எடுத்து ரோட்டுல ஊத்தும்மா. இனிமே நம்ம ஊர்ல அது விக்கக் கூடாது" என்றார்.

கல்பனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கலர் போனால் போகட்டும், ஒரு நாளைக்கு நாலு பாட்டில் விற்றால் பெரிது. ஆனால் அந்த பிரிட்ஜ் கலர் கம்பெனிக்காரன் இனாமாக வைத்துவிட்டுப் போனது. அவன் சரக்கு உள்ளே இல்லையென்றால் வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போய்விடுவான். அப்புறம் பால், தயிர், மாவு எல்லாம் வெயிலில் வேகும். கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"பிரிட்ஜத் தூக்கிக்கினு பூடுவான் சார். அப்புறம் என் பொயப்புக்கு இன்னா பண்றது?"

"நாட்டுக்காக ஒரு தியாகம் பண்ணக் கூடாதா?"

தியாகமாம், பெரிய தியாகம்! மாசம் பிறந்தால் பென்ஷன் வந்து விழுகிற மனுஷன், அடுத்தவள் வயிற்றில் அடித்துவிட்டு அதற்குப் பெயர் வைக்கிறார். "பண்ணிட்டாப் போச்சு" என்று கல்பனா பிளக்கைப் பிடுங்கினாள். கதவைத் திறந்து, பாட்டில்களுக்குப் பின்னால் கையை விட்டு, இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள்.

"தாமோதரண்ணா, இந்தா, அண்ணியோட சக்கரை ஊசி மருந்து. தினேஷு, ஒங்க மாட்டுக்குப் போடற மருந்து, புடி."

வீடியோ எடுத்த ஆட்கள் மருந்தைக் கையில் வாங்கிக்கொண்டு திருதிருவென்று விழித்தார்கள். பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்காரர்களுக்கெல்லாம் அதுதான் பிரிட்ஜ்.

தாமோதரன்தான் வாயைத் திறந்தான். "சார், ஒங்க வூட்ல பெரிய பிரிட்ஜ் கீதே. இத்த அதுல வெச்சிக்கட்டுமா?"

சாரின் முகம் சுருங்கிப்போயிற்று. "அது சாமிக்குப் பால் வெக்கிற பிரிட்ஜ்ப்பா. அதுல கண்டதையும் வெக்க முடியாது."

"கண்டதா? எம் பொண்டாட்டி மருந்து சார் இது!"

தாமோதரன் கடைக்குள் குனிந்து நுழைந்து, தானே பிளக்கைச் செருகினான். மற்றவர்களும் மருந்தோடு வரிசையில் வந்து நின்றார்கள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்றாள் கல்பனா. "இதெல்லாம் உள்ள வெக்கணும்."