எந்தத் தையல்?

யூனிஃபார்ம் தைக்கும் எங்கள் கடையில் என் தையலைக் குறை சொல்ல ஆள் கிடையாது. இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தாலும் துணிதான் கிழியும், தையல் பிரியாது. அப்படிப்பட்ட நான், பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் குளியலறையில் நாப்கின் மாற்றும்போது அதில் ஒரு துண்டு நூல் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். பிரசவத்தில் கிழிந்த இடத்தில் போட்ட தையலின் நூல். நூல் வெளியே வந்தால் தையல் விட்டுப்போயிற்று என்று அர்த்தம். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்றிலிருந்து நான் சரியாக அசையவே இல்லை. நாற்காலியில் ஒரு பக்கமாக உட்கார்ந்தேன். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பு வரவில்லை, அதுவும் நல்லதாகப் போயிற்று. குழந்தையை யாராவது மடியில் வைத்தால் பால் கொடுத்தேன். குடித்து முடித்ததும் "எடுத்துக்கோங்க" என்றேன். நின்றபடி தூக்கினால் மிச்சமும் பிய்ந்துவிடும் என்று பயம்.

உதவிக்கு வந்திருந்த நாத்தனார் இதையெல்லாம் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துக்கொண்டிருந்தாள். நல்லவள்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். "அண்ணா, அவங்க பிள்ளைகிட்ட ஒட்டவே மாட்டேங்கிறாங்க" என்று சமையலறையில் அவள் கிசுகிசுத்தது வீடு முழுக்கக் கேட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சொல்வது நிஜமோ என்றுதான் தோன்றியது. அந்தச் சின்ன முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், என்னை என்ன செய்துவிட்டாய் என்றுதான் நினைத்தேன். பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது?

டாக்டரிடம் போக வெட்கம். மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்களோ என்ற பயம் அதைவிடப் பெரியது. கடைசியில் ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"என்னங்க, தையல் பிரிஞ்சிடுச்சு."

அவர் ஷூ லேஸிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "இதுக்கா இத்தனை நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? பிரிஞ்சா இன்னொரு தடவ அடிச்சுக்கலாம். கடைக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

இந்த மனுஷனிடம் இதற்குமேல் எந்தப் பாஷையில் சொல்வது?

சொன்னபடியே போன் போட்டார். எங்கள் முதலாளியம்மாவுக்கு மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். எதிரில் இருந்த எனக்கும் கேட்டது.

"எந்தத் துணிப்பா?"

"தெரியலக்கா. அவ தைச்சது ஏதோ பிரிஞ்சிடுச்சாம். அதையே நெனச்சுக் கவலப்படறா."

"அவ தைச்சதெல்லாம் எப்பவோ டெலிவரி ஆயிடுச்சே."

அங்கே மெஷின் சத்தம் சட்டென்று நின்றது.

"ஏம்ப்பா, டெலிவரி ஆனவ தையல் பிரிஞ்சிடுச்சுங்கிறா. எந்தத் தையல்னு கேட்டியா?"

அவர் போனை இறக்கி என்னைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஒரு காலில் மட்டும் ஷூ.

"எந்தத் தையல்மா?"

நான் அழுத அழுகையிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கிளினிக்கில் இருந்த டாக்டர் என்னைவிடச் சின்னவள். திரைக்குப் பின்னால் வைத்துப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினாள்.

"ஒண்ணும் பிரியலம்மா. நல்லா சேர்ந்திருக்கு."

"நூல் வந்துச்சே டாக்டர். என் கண்ணால பார்த்தேன்."

"அது தானா கரையிற நூல். சதை ஒட்டினதும் துண்டு துண்டா விழுந்துடும். வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லியிருப்பாங்களே."

சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு என் காதில் எது ஏறியது? துணி நகராமல் இருக்க நாங்களும் முதலில் கையால் நூலோட்டி வைக்கிறோம். மெஷின் தையல் விழுந்ததும் அதை உருவிப் போட்டுவிடுகிறோம். தரையில் கிடக்கும் அந்த நூலைப் பார்த்துச் சட்டை போச்சு என்று யாராவது ஒப்பாரி வைப்பார்களா? நான் வைத்திருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

இருந்தும் நான் எழுந்திருக்கவில்லை. "இன்னொண்ணு டாக்டர். குழந்தை மேல பாசமே வரல."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உடம்பு பிஞ்சு போயிடும்னு பயந்துகிட்டே இருந்திருக்கீங்க. அதுக்கு நடுவுல பாசம் எங்கேர்ந்து வரும்? கொஞ்சம் பொறுங்க. அடுத்த வாரம் வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா சொல்லுங்க, அதுக்கும் வைத்தியம் இருக்கு."

வீடு திரும்பியபோது நாத்தனார் குழந்தையோடு மாடிப்படியின் கீழேயே காத்திருந்தாள். நான் கையை நீட்டினேன்.

"படி ஏறணும் அண்ணி. நான் தூக்கிட்டு வரேன்."

"பரவாயில்ல, குடு."

வாங்கிக்கொண்டேன். ஒரு தலையணை கனம்கூட இல்லை. இதைத் தூக்கவா இந்தப் பாடு பட்டேன்? பாதிப் படியில் தும்மல் வந்தது. மூக்கைப் பிடிக்கக் கை காலியில்லை. ஆசை தீரத் தும்மினேன். எதுவும் பிரியவில்லை. குழந்தைதான் திடுக்கிட்டு, என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, அழுவதற்கு உதட்டைப் பிதுக்கினான்.

"ஒண்ணுமில்லடா, அம்மாதான் தும்மினேன்" என்றேன்.

நான் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது. என்னை அம்மா என்று சொல்லிக்கொண்டதும் அப்போதுதான்.