சத்தம் போடாத படிப்பு

டன்லப் ஸ்திரீட்டில், துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணி துரைசாமியின் மகள் சிவகாமசுந்தரி பள்ளிக்கூடத்தில் என்ன படித்தாள் என்பது அந்த மாடியில் குடியிருந்த அத்தனை குடும்பங்களுக்கும் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? அறைக்கும் அறைக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்புதான். விளக்கு வைத்ததும் அவள் பாடத்தை உரக்கப் படிக்கத் தொடங்கிவிடுவாள். பக்கத்து அறைத் தங்கத்துக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் இங்கிலீஷ் ராஜாக்களின் பெயரை வரிசை பிசகாமல் சொல்லிக்கொண்டே மீன் கழுவுவாள். சிவகாமி பரீட்சையில் தேறியபோது அதில் பாதி மார்க் தன்னுடையது என்றுகூடப் பேசிப் பார்த்தாள்.

அறுபத்திரண்டில் சிவகாமி புக்கித் தீமா மலைமேல் இருந்த பல்கலைக்கழகத்துக்கு வீட்டிலிருந்தே போய்வரத் தொடங்கினாள். அதோடு தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

நூலகத்தில் முதல் நாள், பழக்கதோஷத்தில் அவள் மெல்ல வாய்விட்டுப் படித்தாள். மேஜை மேஜையாகத் தலைகள் திரும்பின. எதிரே இருந்த பையன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனான். அன்றைக்கு மூடிய வாய்தான். வாயை மூடினால் மண்டைக்குள் எதுவும் இறங்குவதாகவும் இல்லை.

வகுப்பில் தமிழ் பேசக்கூடியவள் ஒருத்திதான்: பங்களாக்கள் நிறைந்த காத்தோங்கிலிருந்து காரில் வரும் யாழ்ப்பாணத்து டாக்டர் மகள் யோகம். ஒருநாள் அவளே வந்து கேட்டாள். "நீர் சிராங்கூன் ரோட்டுப் பக்கமோ?"

"ஆமாங்க."

"அங்கை நல்ல வெத்திலை கிடைக்கும் எண்டு அம்மா சொல்லுவா."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு யோகம் தன் கூட்டாளிகளோடு இங்கிலீஷுக்குப் போய்விட்டாள். சிவகாமி மரத்தடியில் தனியாக டிபன் கேரியரைத் திறந்தாள்.

அடி விழுந்தது சரித்திர வகுப்பில். ஆறேழு பேர் ஆசிரியரின் அறையில் உட்கார, ஒருவர் தன் கட்டுரையைப் படித்துக் காட்ட வேண்டும். மலாக்கா ஏன் போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்தது என்பது சிவகாமிக்கு வந்த கேள்வி. இரண்டு புத்தகங்களைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பீரங்கியால் வீழ்ந்தது என்றது ஒன்று. பீரங்கி பெரிதல்ல, ஊருக்குள்ளிருந்த வியாபாரிகள் கைவிட்டதால்தான் வீழ்ந்தது என்றது மற்றது. அவள் இரண்டையும் மனப்பாடம் செய்து, முதலில் ஒன்று, பிறகு மற்றது என்று அப்படியே எழுதியிருந்தாள்.

வெள்ளைக்கார ஆசிரியர் கேட்டார்: "இதில் எது சரி?"

"இரண்டும் சரி, சார்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. யோகமும் சிரித்தாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை புதிதாக எழுதி வா. அதுவும் இப்படியே இருந்தால் சரித்திரம் உனக்கு வேண்டாம். வேறு பாடம் பார்த்துக்கொள்" என்றார் அவர். சரித்திரம் படிக்கத்தான் அவள் அந்த மலை ஏறி வந்திருந்தாள்.

வீட்டில் அதைவிடப் பெரிய விசாரணை காத்திருந்தது.

"ஏன் பூவம்மாக்கா, பாப்பா படிப்ப விட்டுடுச்சா? சத்தத்தையே காணோம்லா" என்று தங்கம் தடுப்பைத் தட்டியே கேட்டுவிட்டாள். கீழே கடை வைத்திருந்த அப்துல் மஜீது, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள்போல என்று முடிவே கட்டிவிட்டார். அம்மா பூவம்மாவுக்கு மானம் போயிற்று.

"கொஞ்சம் சத்தமாத்தான் படியேன்டி! மெல்லுறதுக்கு ஊருக்கு வெத்தல பாக்கா கொடுக்குறே?"

அம்மாவுக்காகச் சிவகாமி உரக்கப் படித்தாள். மாடி முழுக்க நிம்மதியாக மூச்சு விட்டது. பழைய ராஜாக்கள் வராததில் தங்கத்துக்குக் கொஞ்சம் குறைதான். வாய் தன் பாட்டுக்கு ஓட, சிவகாமியின் மனசு வெறுமையாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்கு ஒரு வரிகூடத் தேறவில்லை.

புதன்கிழமை புத்தகத்தை மூடினாள். "இன்னிக்குச் சத்தமா முடியாதும்மா. யோசிக்கணும்."

"யோசிக்கவாடி அனுப்பினோம்? படிக்கத்தானே அனுப்பினோம்!"

சிவகாமி சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அந்த மாடியில் எந்தச் சண்டைக்கும் இரண்டு கதை உண்டு. குழாயடிச் சண்டையைத் தங்கம் சொன்னால் தங்கம் அடிபட்டவள். மஜீது சொன்னால் முதலில் வாளியைத் தூக்கியவளே தங்கம். இரண்டையும் மனப்பாடம் செய்து யாருக்கு என்ன லாபம்? யார் எங்கே நின்று பார்த்தார், எப்படிச் சொன்னால் யாருக்கு வசதி என்று கேட்டால்தானே நடந்தது தெரியும்! அவள் பீரங்கிப் புத்தகத்தை மறுபடி புரட்டினாள். முழுக்கப் போர்த்துக்கீசியர் எழுதி வைத்ததை நம்பி எழுதியது. தங்கள் பீரங்கியைத் தாங்களே மெச்சாமல் வேறு யார் மெச்சுவார்? அதை எழுதினாள். சொந்தமாக எழுதிய முதல் வரி.

வெள்ளிக்கிழமை யாரும் சிரிக்கவில்லை. அவள் படித்து முடித்ததும் ஆசிரியர், "சரித்திரத்தை விட வேண்டாம். ஆனால் இரண்டாவது புத்தகத்தை மட்டும் ஏன் சும்மா விட்டாய்?" என்றார். சிவகாமிக்கு இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. வெளியே யோகத்தின் கார் கிளம்பிவிட்டிருந்தது.

வீட்டில் அம்மா கேட்டாள். "பாஸா?"

"பாஸெல்லாம் இல்லம்மா. படிக்கலாம்னுட்டார். அப்புறம் நான் எழுதினதுல ஒண்ணு கேட்டார். நல்ல கேள்விம்மா, நான் அதைப் பார்க்கவே..."

"குறை சொன்னாரா?" பூவம்மாவின் முகம் விழுந்துவிட்டது.

விளக்கு வைப்பதற்குள் மாடி முழுக்கச் செய்தி போயிற்று. தங்கம் பொரித்த மீனோடு ஆறுதல் சொல்ல வந்தாள். "பாப்பாவத் திட்டாதீங்கக்கா. பொண்ணுக்கு இவ்ளோ படிச்சதே பெருசுலா."

விளக்கிச் சொல்லலாம் என்று சிவகாமி எழுந்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டாள். தடுப்புக்கு அப்பால் துக்க வீட்டில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவள் இரண்டாவது புத்தகத்தை எடுத்து, எழுதியவர் யார் என்று பார்க்க முதல் பக்கத்தைத் திருப்பினாள்.