கீச்சி உட்கார்ந்தாள்

மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். பெய்வதற்கான ஏற்பாடுகளையெல்லாம் முடித்துக்கொண்டும் வானம் பெய்யாமல் நின்றது, காற்றில் அசைவில்லை. அவள் மூன்றாவது சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கணவரின் உடலுக்கு அணிவிக்க ஒரு சட்டையும் ஒரு கால்சட்டையும் போதும், மதியத்துக்குள் கொண்டுவாருங்கள் என்றுதான் மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். முதல் சட்டையின் காலர் நைந்திருந்தது. இரண்டாவது அவருக்குப் பிடிக்காதது. மூன்றாவதில் குறையென்று ஒன்றுமில்லை. அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டு நான்காவதை எடுத்தாள்.

மேல்வீட்டுத் தரை 'தொம்' என்றது. சற்றுப் பொறுத்து மறுபடியும் 'தொம்'.

"நிறுத்தச் சொல்லிட்டு வரட்டுமா?" என்றாள் மகள்.

"என்னன்னு சொல்லுவே?"

மேல்வீட்டுப் பெண்ணும் அவள் தோழிகளும், முந்தின இரவு கீச்சி மேடையில் உட்கார்ந்த விதத்தைப் பழகிக்கொண்டிருந்தார்கள். கீச்சி யார் என்பது ஊருக்கே தெரியும். கீச்சி எவர் என்பது இந்த வீட்டைத் தாண்டி வெளியே போகக் கூடாது, ஒப்பந்தம் அப்படி.

அனிமேஷன் உருவங்கள் நான்கு சேர்ந்த இசைக்குழு அது. கீச்சி அதில் முன்வரிசைக்காரி. அணில் வாலும் ஆரஞ்சு நிறத் தலைமுடியும் கொண்டு, எந்த ஆண்டும் பதினாறு வயதைத் தாண்டாதவள். நிகழ்ச்சியன்று அரங்கம் நிறைய நிஜமான மனிதர்கள் நிற்பார்கள். மேடையில் மாபெரும் திரை மட்டும் இருக்கும். கீச்சியின் குரல் வேறொருத்தியுடையது. முகத்தைக் கணினி பார்த்துக்கொண்டது. உடம்பு மட்டும், மேடைக்குப் பின்னால் ஓர் அறையில், கறுப்பு உடையெங்கும் ஒளிப்புள்ளிகளை ஒட்டிக்கொண்டு, பாட்டு நடக்கும்போதே உடன் ஆடிய ஐம்பத்திரண்டு வயது ஆணுடையது. அவர் இவளுடைய கணவர். அதற்கு முன் இருபது வருடங்கள் திரைப்படங்களில் கதாநாயகனுக்குப் பின்னால் நான்காவது வரிசையில் ஆடியவர். அக்கம்பக்கத்தார் அவரை ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர் என்று நம்பினார்கள். "வயசு பதினாறுலயே நின்னுபோச்சு. முட்டிக்குத்தான் இன்னும் தகவல் போகல" என்று இரவில் தைலம் தேய்த்துக்கொண்டே சொல்வார்.

நேற்றைய கடைசிப் பாட்டின் நடுவில் கீச்சி இடப்பக்க மார்பில் ஒரு கையை வைத்தாள்; மற்றக் கையைப் பின்னால் வீசிப் பாவாடையை விரிப்பதுபோல் விரித்தாள்; இறகு இறங்குவதுபோல் உட்கார்ந்து தலையைத் தாழ்த்தி, பாட்டு முடியும்வரை அப்படியே இருந்தாள். அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. பாட்டு முடிந்த பிறகுதான் பின்னறைக் கதவைத் திறந்தார்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே அவர் உயிர் போயிற்று. விடிவதற்குள் அந்த அசைவுக்கு 'பாவாடை விரிப்பு' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஒன்பது மணிக்குக் குழுவின் மேலாளர் வந்தார். கூடவே, ஒளிப்புள்ளிகளைக் கணினியில் கவனிக்கும் இளைஞனும் வந்தான். மெலிந்தவன், எல்லாருக்கும் அவன் 'கம்பி'. மேலாளர் துக்கம் விசாரித்த முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் பின் வந்த காரியத்தைச் சொன்னார். இன்று மாலை அதே அரங்கில் மறுபடியும் நிகழ்ச்சி. ஆடுவதற்கு மாற்று ஆள் உண்டு. ஆனால் ரசிகர்கள் கேட்பது அந்த ஓர் அசைவை. அது பதிவாக இருக்கிறது. குடும்பம் இசைந்தால் இன்று மட்டுமல்ல, இனி ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் கீச்சி அப்படியே உட்காருவாள். அஞ்சலி என்ற சொல்லையும் இரண்டு முறை பயன்படுத்தினார். தாளில் இரண்டு கட்டங்கள் இருந்தன: இசைவு, மறுப்பு. பன்னிரண்டு மணிக்குள் தெரிந்தால் நல்லது.

அவள் எழுந்து ஜன்னலைத் திறந்தாள்; காற்று வராததால் மூடினாள்; பிறகு மறுபடியும் திறந்தாள்.

"கொடுத்துடும்மா" என்றாள் மகள்.

"அவரு செத்ததையா?"

"செத்ததுன்னு நமக்குத்தானே தெரியும். இருபது வருஷம் அப்பா யாரோ ஒருத்தன் முதுகுக்குப் பின்னால ஆடினாரு. போட்டோல தேடினா முழங்கைதான் கிடைக்கும். இப்ப ஊரே அவரைப் பார்த்து ஆடுது. வேணாம்னா அதுவும் போச்சு. அப்புறம் அவரு சவுண்ட் செட்டுக்காரராவே போயிடுவாரு."

அந்த வாதத்தில் அவள் ஓட்டையைத் தேடினாள்; கிடைக்கவில்லை. முழங்கை விஷயம் உண்மை. ஒரு படம் வெளியானபோது குடும்பத்தோடு போய் உட்கார்ந்து, அந்த முழங்கையைச் சுட்டிக்காட்டிக் கைதட்டியிருக்கிறார்கள். மேலாளர் நீட்டிய பேனாவை வாங்கிக்கொண்டாள்.

அப்போது கம்பி பேசினான். அவனுக்குக் கொடுத்த தேநீரில் ஆடை படிந்திருந்தது.

"அம்மா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடறேன். எல்லாரும் பார்த்தது மாஸ்டர் செஞ்சது இல்ல."

"டேய், இப்ப எதுக்குடா அது?" என்றார் மேலாளர்.

"நேத்துலேருந்து தொண்டையில நிக்குது சார்."

அவன் விளக்கினான். ஆடுகிறவருக்கு வியர்த்தால் புள்ளிகள் நழுவும். நழுவினால் திரையில் உருவம் நடுங்கும். உடனே ஒரு விசையை நகர்த்த வேண்டும். கணினி நடுக்கத்தை எடுத்துவிட்டு இடைவெளியை வழவழப்பாக நிரப்பிக்கொள்ளும். தினமும் செய்கிற வேலை. நேற்றும் அதைத்தான் செய்தான். நடுக்கம் கூடக்கூட விசையையும் கூட்டினான்.

"நடுக்கம் வந்தா புள்ளி கழண்டுடுச்சுன்னுதான் நினைப்போம்மா. ஆளுக்கு நடுக்கம்னு நினைக்கவே மாட்டோம்."

அவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள்.

"வழவழப்பாக்காதது இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"காட்டு."

மகள், வேண்டாம் என்றாள். மேலாளர், இந்த நேரத்தில் தேவையா என்றார். கம்பி மடிக்கணினியை இஸ்திரி மேசையின்மேல் வைத்துத் திறந்தான்.

கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள். வால் இல்லை, முடி இல்லை, முகம் இல்லை. கீச்சியைப் பார்த்தபோதெல்லாம் இதில் இவர் எங்கே என்று தேடித் தோற்றவள், புள்ளிகள் இரண்டு அடி வைத்ததுமே கண்டுகொண்டாள். வலத்தோள் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. பிறகு ஒரு கையின் புள்ளிகள் மார்புக்குப் போயின, வைக்கவில்லை, பிடித்தன. மற்றக் கை பின்னால் போயிற்று. வீச்சு ஏதுமில்லை. முழங்கால் உயரத்தில் காற்றைத் துழாவிற்று. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடியும் இந்தப் பக்கம். கால் மட்டும் தாளத்தை விடவில்லை. அப்புறம் எல்லாப் புள்ளிகளும் ஒன்றாகக் கீழே வந்தன. இறகுபோல அல்ல.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்ற அவர் அப்படித்தான் திரும்பிப் பாராமல் கையைப் பின்னால் நீட்டுவார். இவள் எந்த வேலையில் இருந்தாலும் நாற்காலியைக் காலால் தள்ளிவிடுவாள். அதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை.

"அந்த ரூம்ல உக்கார ஒண்ணும் கிடையாதா?"

"போடக் கூடாதும்மா" என்றான் கம்பி. "கேமராவை மறைக்கும். தரை காலியா இருக்கணும்."

எல்லா ஊரிலும் அதுதான் முறை என்றார் மேலாளர். அதில் பொய் இல்லை.

மேலே 'தொம்' என்றது. அதைத் தொடர்ந்து சிரிப்பு. மகள் கணினியை மெல்ல மூடி, மூடியின்மேல் கையை வைத்தபடி நின்றாள்.

கையிலிருந்த பேனாவால் அவள் மறுப்புக் கட்டத்தில் குறியிட்டாள். கையெழுத்தைப் போட்டு, தேதியை எழுதினாள். மேலாளர் எழுந்துவிட்டார். தாளைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஏமாற்றத்தைவிடத் தயக்கமே கூடுதலாகத் தெரிந்தது.

"காரணம்னு கீழ ஒரு இடம் இருக்கும்மா. காலியா விட்டா மேல கேள்வி கேப்பாங்க. ஒரு வரி இருந்தா போதும்."

தாளை மறுபடியும் இஸ்திரி மேசையின்மேல் விரித்தாள். எழுதத் தொடங்கி நிறுத்தினாள். பிறகு நிறுத்தாமல் எழுதினாள். 'அறையில் நாற்காலி இல்லை.' முற்றுப்புள்ளி வைத்து, ஒரு முறை படித்துப் பார்த்து, அவரிடம் நீட்டினாள்.

அவர் அதை வாங்கி, நின்றபடியே படித்தார்.