ஒரு கீ தள்ளி

என் ஓரகத்திக்கு மட்டும் விரலில் மோட்டார் வைத்துப் படைத்துவிட்டான் ஆண்டவன். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள் வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று எங்கள் டேட்டா என்ட்ரி ஆபீஸில் நான்தான் சேர்த்துவிட்டேன். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

தற்காலிகமாக இருக்கும் எங்களில் ஒருவரை மட்டும் நிரந்தரமாக்கப் போகிறார்கள். அதற்கு டைப்பிங் டெஸ்ட். வேகத்தில் பிழையைக் கழித்து மிஞ்சுவதுதான் மார்க். அந்த இடம் எனக்கு வேண்டும். அவளுக்குப் போகக்கூடாது என்பது அதைவிட முக்கியம்.

பக்கத்துப் பக்கத்து மேஜை. சூப்பர்வைசர் "ஸ்டார்ட்" என்றதும் அவள் கீபோர்டு சடசடவென்று மழையாய்க் கொட்டியது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. கண் தாளில், காது அவளிடம். அவள் தட்டத் தட்ட நானும் விரட்டினேன். திரையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பார்க்காமல் அடிப்பவள் என்ற கர்வம் வேறு.

நேரம் முடிந்தது. வேகத்தில் நானே முதல்! பிழையைக் கழித்தால் பூஜ்யம்.

சூப்பர்வைசர் என் திரையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "என்னம்மா இது, எந்த ஊரு பாஷை?"

ஓரகத்தி எட்டிப் பார்த்தாள். "சார், அக்கா விரல ஒரு கீ தள்ளி வச்சுட்டாங்க. எல்லாமே பக்கத்து எழுத்தா விழுந்திருக்கு."

சொன்னதோடு விட்டாளா? அந்த உளறலை மனசுக்குள்ளேயே இடம் மாற்றிக் கடகடவென்று வாசித்தும் காட்டினாள். "ஒரு தப்புகூட இல்ல சார். அக்காவுக்கு இன்னொரு தடவ வைங்க."

"வச்சா உங்களுக்கு வந்த இடம் கைவிட்டுப் போயிடலாம்மா."

"போனா போகட்டும் சார். எனக்கு இந்த வேலைய வாங்கிக் குடுத்ததே அக்காதான்."

போனால் போகட்டுமாம்! தோற்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வேண்டாம் என்று எழுந்து போயிருக்கலாம். நான் போகவில்லை. நடுவரிசையில் சின்ன மேடுள்ள கீயைத் தடவிப் பார்த்து விரலை வைத்தேன். மயிரிழையில் ஜெயித்தேன்.

நாங்கள் வீடு போய்ச் சேருமுன் செய்தி போய்விட்டது. கொழுந்தனுக்கு அவள் போனில் சொல்லியிருக்கிறாள். மாமியார் வாசலுக்கே வந்தார். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டு சிரித்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அவளைக் கட்டிக்கொண்டார்.

"யாருக்கும்மா வரும் இந்த மனசு!"

பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"வேல கெடச்சிடுச்சாமே உனக்கு. சரி, இவளுக்கு ஒரு வார்த்த நல்லதா சொன்னியா?"