காபேஸ்காரனின் பெயர்

என் அப்பா ரஹ்மீனுக்குக் குரல்தான் சொத்து. சனிக்கிழமை ஜெப ஆலயத்தில் தோரா என்னும் வேதச் சுருளைத் திறந்ததும், வாசிப்புக்கு வர வேண்டியவரைத் தகப்பன் பெயரோடு சேர்த்துப் பாட்டாகக் கூப்பிடுவது அவர் வேலை. எவ்வளவு சப்பைப் பெயரும் அவர் வாயில் விழுந்தால் ராஜா பெயராகிவிடும். அப்படிப்பட்ட மனிதர் என் வீட்டுக்காரர் பெயரைக் கல்யாணம் முடிந்தும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. 'அந்தக் காபேஸ்காரன்', அவ்வளவுதான்.

எல்லாம் குலப் பெருமை. ஜெர்பா தீவில் எங்கள் யூதர் குடியிருப்பான சின்ன ஹாராவில் தடுக்கி விழுந்தால் ஒரு கோஹேன்மேல்தான் விழ வேண்டும். அத்தனை பேரும் ஆரோன் வழிவந்த ஆசாரியர்கள், பழைய ஆலயத்தில் பலி செலுத்திய பூசாரிக் குலம். என் கல்ஃபோன் கடலுக்கு அந்தப் பக்கம் காபேஸ் ஊர்க்காரர், குலப் பெருமை இல்லாத சாதாரண யூதர், தையல் மெஷின் ரிப்பேர் செய்பவர். "ஆசாரியன் பொண்ணை எண்ணெய்க் கைக்காரனுக்கா குடுக்கறது?" என்று குதித்தார் அப்பா. அவர் பிடிவாதத்தில் பாதி எனக்கும் உண்டே, விடவில்லை. சம்மதித்தார், ஆனால் மாப்பிள்ளையிடம் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டார். எனக்கோ நகைநட்டு எதுவும் வேண்டாம், அப்பா வாயால் அந்தப் பெயர் வந்தால் போதும் என்றிருந்தது.

கல்யாணத்துக்கு அடுத்த சனிக்கிழமை மாப்பிள்ளையைச் சுருளுக்குக் கூப்பிட்டே ஆக வேண்டும். அப்பா அதற்கும் வழி வைத்திருந்தார். "கடைசி ஆளா, 'மணமகன் வருக'ன்னு முடிச்சிடுவேன். பேரு எதுக்கு?" என்று அத்தையிடம் சொல்லியிருந்தார்.

புதுப்பெண் வீட்டைவிட்டு வரக்கூடாது என்பார்கள். நான் கேட்பேனா? ஜெப ஆலயத்தின் பெண்கள் பகுதி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

சுருளை எடுத்தார்கள். உடனே வாராவாரம் நடக்கிற கூத்தும் தொடங்கியது. முதல் அழைப்பு கோஹேனுக்கு உரியது. எல்லாருமே கோஹேன் என்றால் யாருக்கு? போன வாரம் தன்னைக் கூப்பிடவில்லை என்று ஹுவிதா பெரியப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"உன் வாய்க்கு என் பேரு மட்டும் கசக்குதோ, ரஹ்மீன்?"

"மூணு வாரம் முந்தி கூப்பிட்டேனே, அது இனிக்கலையா?"

எங்கள் குரு ரப்பி கம்மூஸ் மேஜையைத் தட்டினார். "போதும். ஆசாரியருங்க மட்டுமே இருக்கற ஊர்ல வேற ஆள் ஒருத்தன் இருந்தா, அவனைத்தான் முதல்ல கூப்பிடணும். உங்களை மாதிரி ஆளுங்க அடிச்சுக்கக் கூடாதுன்னுதான் பெரியவங்க அப்படி எழுதி வச்சாங்க. இத்தனை நாளா நமக்கு ஆள் இல்ல. இப்ப இங்கயே குடிவந்தாச்சு."

எல்லாத் தலையும் கல்ஃபோன் பக்கம் திரும்பியது.

"மணமகன் வருக," என்றார் அப்பா, சந்தைக்கடையில் சில்லறை கேட்பவர் மாதிரி.

"பேரைச் சொல்லுப்பா," என்றார் ரப்பி. "இனிமே வாராவாரம் அவன்தான் முதல்ல. பேரன் பேத்தி எடுத்தப்புறமும் 'மணமகன்'னேவா கூப்பிடுவ?"

ஜன்னலில் அத்தை சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

 அப்பா முகத்தில் அப்படியொரு திகைப்பை நான் பார்த்ததே இல்லை. பெயர் தெரியும், ஆனால் தகப்பன் பெயர் தெரியாது. சம்பந்தம் பேசியபோதும் கல்யாணத்தன்றும் ஒரு மூலையில் முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், எதைக் காதில் வாங்கினார்? ஊரிலுள்ள கைக்குழந்தையின் பாட்டன் பெயர்வரை சொல்லக்கூடியவர், சொந்த மருமகனிடம் குனிந்து கேட்க வேண்டியதாயிற்று.

"உங்க அப்பா பேரு என்ன?"

"ஃப்ராஜி, மாமா." கல்ஃபோன் தயங்கிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நான் சின்னவனா இருக்கறப்பவே போயிட்டாரு. காபேஸ்ல நாங்க ரெண்டே குடும்பம். பத்து ஆம்பளைங்க சேர்ந்தாத்தான் சுருளைத் திறக்கலாம், அங்க சேர மாட்டாங்க. என்னைச் சுருளுக்கு யாரும் கூப்பிட்டதே இல்ல."

"ஒரு தடவைகூடவா?"

"இல்ல மாமா."

அப்பா நிமிர்ந்தார். ஒருவன் தாடி முளைத்து, தொழில் கற்று, கல்யாணமும் செய்துகொண்டு, இன்னும் அழைக்கப்படாமலே இருக்கிறான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. கூப்பிடுவதற்கென்றே பிறந்த மனிதராயிற்றே. கண்ணை மூடினார்.

"எழுந்து வருக, மணமகன் கல்ஃபோன், ஃப்ராஜியின் மகன்!"

பண்டிகைக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்த ராகம் அது. 'ஃப்ராஜி'யில் நின்று, இழுத்து, மேலே ஏறி, இறங்க மனசில்லாமல் இறங்கினார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். கல்ஃபோன் மேடையேறி ஆசீர்வாதம் சொல்லும்போது குரல் இரண்டு இடத்தில் தடுக்கியது, ஆனால் விழவில்லை. பெண்கள் குலவையிட, மாப்பிள்ளைமேல் வீசவென்றே கையில் வைத்திருந்த சர்க்கரை பாதாமையெல்லாம் ஜன்னல் வழியாக அள்ளி வீசினேன். பாதி பெரியப்பா தலையில் விழுந்தது. முதலில் போனது இன்னொரு ஆசாரியன் இல்லை என்பதால் அவருக்கும் கோபம் போய்விட்டது, பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார்.

மதியம் அப்பா வீட்டில் விருந்து. கல்ஃபோன் கூச்சத்தோடு முற்றத்திலேயே நின்றுவிட்டார். கூப்பிட நான் எழுந்தேன். அப்பா என்னைக் கையமர்த்திவிட்டு, வாய் நிறைய சோற்றோடு, தெருவுக்கே கேட்கிற மாதிரி அதே ராகத்தில் பாடினார்:

"எழுந்து வருக, கல்ஃபோன், ரஹ்மீனின் மகன்!"