பழகப் பழக மடங்கிய விரல்

டினோஜாவின் இடது கை நடுவிரல் முதன்முதலில் மடங்கியது அரிப்பு என்ற ஊரில், ஒரு கலியாணப் பந்தலில். கேக் வெட்டி முடிந்து சனம் ஆடத் தொடங்கிய நேரம். அவளுடைய வலது கை இசைத்தட்டை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தது. இடது கை, பக்கத்து மிக்சர் பெட்டியில் இருக்கும் பேடர் என்ற சின்னப் பிடியை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தட்டி, சத்தத்தைத் திறந்து மூட வேண்டும். இரண்டு கையும் ஒத்துப் போனால்தான் அது ஸ்கிராச். ஒத்துப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் நடுவிரல் உள்ளங்கைக்குள் சுருண்டது. நோவு இல்லை. அவள் அவசரமாக அடுத்த பாட்டைப் போட்டுச் சமாளித்துவிட்டாள்.

பேசாலையில் அவளையும் அண்ணன் பஸ்ரியனையும் எல்லாருக்கும் தெரியும். ஸ்பீக்கர், வயர், வான் எல்லாம் அண்ணன் பொறுப்பு. பாட்டு அவள் பொறுப்பு. லாப்டொப்பில் பாட்டைத் தட்டிவிட்டுக் கையைத் தூக்கி ஆடுகிற டி.ஜேமார் மன்னாரில் நிறையப் பேர். மெய்யான தட்டில் கை வைத்து அதைப் பேச வைக்கிறவள் இவள் ஒருத்திதான். "அக்கா வந்து ஸ்கிராச் போடுவாதானே?" என்று கேட்டுத்தான் ஆட்கள் நாள் குறித்தார்கள்.

அதற்குப் பிறகு விரல் அடிக்கடி மடங்கியது. சாமானில்தான் பிழை என்று அவள் நம்பினாள். மன்னார் பஜாரில் எலெக்ட்ரோனிக் கடை வைத்திருந்த ஹில்மியிடம் அண்ணனோடு போனாள்.

"நீங்க வச்சிருக்கிறது பெல்ட்டால சுத்துறது, தங்கச்சி" என்றான் ஹில்மி. "பின்னால இழுத்து விட்டா தட்டு வேகம் பிடிக்க நேரம் எடுக்கும். அதுக்காகக் கை இறுகும். மோட்டர் நேரா தட்டைச் சுத்துற மாதிரி ஒண்டு எடுங்க."

"மிக்சருக்கு என்ன செய்யிறது, ஹில்மி நானா?" என்றாள் டினோஜா.

"உப்புக்காத்துல உராயிற பேடர் எல்லாம் கெதியா இறுகிப் போகும். காந்தத்தில வேலை செய்யிறது இருக்கு. உள்ளுக்க ஒண்டும் முட்டாது. ஊதினாலே நகரும்."

இரண்டும் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தன. ஹில்மி சொன்னது பொய்யில்லை. தட்டை எவ்வளவு இழுத்தாலும் விட்ட கணமே ஓடியது. பேடர் விரல் பட்டாலே நகர்ந்தது. டினோஜா அன்று அம்மாவைக் கட்டிப் பிடித்துச் சுற்றினாள். கிட்டத்தட்ட இரண்டு கிழமை விரல் ஒழுங்காக இருந்தது.

பிறகு அந்தப் புதுப் பேடரிலும் மடங்கியது.

அவள் தன்னைத்தான் குற்றம் சொன்னாள். பழக்கம் காணாது என்று நினைத்தாள். முன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தாளத்தின் வேகத்தைக் குறைத்து வைத்து, ஆரம்பத்தில் பழகிய பாடங்களிலிருந்து திரும்பத் தொடங்கினாள். தட்டை ஒருமுறை முன்னே, ஒருமுறை பின்னே. பேடரை ஒருமுறை திற, ஒருமுறை மூடு. மெதுவாகச் செய்தால் சரியாக வந்தது. கொஞ்சம் வேகம் கூட்டினால் விரல் சுருண்டது. காலமையும் பழகினாள், பின்னேரமும் பழகினாள். ஒரு மாதத்தில் மெதுவாகச் செய்தாலும் சுருண்டது. அதைத் தடுக்கச் சுட்டுவிரலை நிமிர்த்தினால் அதுவும் கூடவே இறுகியது.

இதே கையால் அவள் மீன் வெட்டினாள், ஊசியில் நூல் கோத்தாள், மோட்டர்சைக்கிள் கிளச் பிடித்தாள். ஒன்றிலும் பிழையில்லை. அம்மா மாக்கிறட், மடு மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த எண்ணெயைத் தடவி, "ஆரோ கண் வச்சிட்டாங்கள்" என்றாள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நரம்பு வைத்தியரிடம் போனார்கள். அவர் விரல்களை இழுத்து, தட்டி, ஊசியால் தொட்டுப் பார்த்தார். மேசை விளிம்பில் செய்து காட்டச் சொன்னார். வெறும் மேசையில் விரல் அழகாக ஆடியது. டினோஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது, பொய் சொல்லி வந்தவள் மாதிரி.

"நான் அந்தச் சாமானைக் கொண்டுவாறன் டொக்டர். அதிலை வச்சாத்தான் தெரியும்."

அடுத்த முறை பஸ்ரியன் மிக்சரையும் தட்டுச் சுழலும் டேர்ன்டேபிளையும் வானில் ஏற்றி வந்து, நோயாளிகள் படுக்கும் கட்டிலில் வைத்து வயர் கொழுவினான். வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டினோஜா கையை வைத்து நாலு தட்டுக்கூடத் தட்டவில்லை, அதற்குள் விரல் மடங்கியது. வைத்தியர் குனிந்து அதையே நெடுநேரம் பார்த்தார்.

"உங்கட கையில வருத்தம் இல்லை" என்றார். "மூளை அந்த ஒரு வேலைக்கு மட்டும் பிழையான கட்டளை குடுக்குது. ஒரே அசைவை ஆயிரம் தரம் பழகின வாத்தியக்காரருக்கு இப்படி வாறது உண்டு."

"இன்னும் கவனமாப் பழகினாச் சரி வராதோ?"

"இல்லை. பழகப் பழகக் கூடும். முதல்ல நிப்பாட்டுங்கோ. ஊசி ஒண்டு போட்டுப் பாக்கலாம், ஆனா அது விரலைப் பலவீனமாக்கும். பழையபடி வரும் எண்டு நான் சொல்ல மாட்டன்."

திரும்பி வரும்போது வான் பூநகரிப் பாலத்தைத் தாண்டியது. எந்தப் பிழை வந்தாலும் அவளுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் பழகுவது. இப்போது அதையும் எடுத்துவிட்டார்கள். வெள்ளாங்குளம் சந்தியில் பஸ்ரியன் வானை நிறுத்தித் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தான். அவள் கிளாசை இடது கையில் பிடித்தபடி விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையை மாத்திப் பாரன்" என்றான் அண்ணன்.

மாற்றினாள். மிக்சரில் பக்கத்தைத் திருப்பும் சுவிட்ச் இருந்தது. டேர்ன்டேபிளை இடப் பக்கம் வைத்து, வலது கையைப் பேடருக்குக் கொடுத்தாள். தட்டை இழுக்க இடது கை மறுக்கவில்லை. வலது கைதான் ஒன்றும் அறியாமல் தட்டித் தடவியது. மாதக் கணக்கில் வேலை செய்தும் அது தாளத்துக்குப் பின்னாலேயே வந்தது. வைத்தியரின் சொல் மனதில் கிடந்ததால், இந்தக் கையையும் கெடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் நெடுநேரம் பழகவும் அவளால் முடியவில்லை.

தலைமன்னாரில் ஒரு கலியாணத்துக்கு முன்னமே ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஸ்கிராச் இல்லை என்று சொல்லிவிடும்படி அவள் பலமுறை கேட்டிருந்தாள். பஸ்ரியன் சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் மேசையைச் சுற்றி வந்து, "அக்கா, ஸ்கிராச்! ஸ்கிராச்!" என்று கை தட்டினார்கள். டினோஜா அண்ணனைப் பார்த்தாள். அவன் குனிந்து காதில் சொன்னான்.

"நீ தட்டில சும்மா கையை வை. போன வருசம் கொண்டச்சிக் கலியாணத்தில நீ போட்டதை நான் போனில பதிஞ்சு வச்சிருக்கிறன். அதைப் போடுறன்."

"வேண்டாம் அண்ணா."

"வேற என்ன செய்யிறது, சொல்லு?"

அவள் தட்டில் வலது கையை வைத்தாள். ஸ்பீக்கரில் சத்தம் வந்தது. சுத்தமான, துணிந்த வெட்டுகள். ஒவ்வொன்றும் எங்கே திறந்து எங்கே மூடும் என்று அவளுக்குத் தெரியும். பழையபடி இடது கையைப் பேடரில் வைத்து, அதற்கேற்ப இரண்டு கைகளையும் அசைத்தாள். பேடரின் மேல் நடுவிரல் சுருண்டு கிடந்தது. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. பந்தல் முழுக்க விசில் பறந்தது. ஒருத்தன் கதிரையில் ஏறி நின்று வீடியோ எடுத்தான். எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறாள் இந்தப் பெண் என்று அவளுக்கே தோன்றியது. போன வருசத்து டினோஜா மேல் அவளுக்குப் பொறாமை வந்தது.

முடிந்ததும் மணப்பொம்பிளையின் சித்தி ஒருத்தி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பிள்ளை, தை மாதம் எங்கட மகளுக்குக் கலியாணம். இதே மாதிரி, இந்த ஸ்கிராச் கட்டாயம் வேணும்."

பஸ்ரியன் தங்கச்சியைப் பார்த்தான். இல்லை என்று சொல்லத்தான் டினோஜா நிமிர்ந்தாள்.

"எத்தினை மணிக்கு வர வேணும், அன்ரி?" என்று கேட்டாள்.